நாலு மணி நேரத் தூரம்

"ஆளு எம்புட்டு ஒயரம்க்கா?" என்று ஐஸ் பெட்டிக்காரன் திண்டுக்கல்லில் இருந்து போனில் கேட்டபோது சூர்யகலாவுக்கு முதலில் விளங்கவில்லை. செத்தது யார், என்ன வயசு, எப்படிப் போனார் என்று கேட்பான் என்றுதான் நினைத்திருந்தாள். "எங்கப்பா" என்றாள். "அது சரிக்கா, ஒயரம் சொல்லுங்க. சின்னப் பெட்டியக் கொண்டாந்துட்டு காலு இடிச்சா நல்லாருக்காது." அப்பாவை யார் அளந்து பார்த்தார்கள்? மோட்டார் ரூமுக்குள் நுழையும்போதெல்லாம் நிலையில் தலையை இடித்துக்கொண்டு, கட்டிய கொத்தனாரின் பரம்பரையையே திட்டிக்கொண்டு வெளியே வருகிற ஆள் அவர். அந்த நிலை ஆறடிக்குக் கொஞ்சம் கம்மி. "ஆறடி" என்றாள். சொல்லி முடிக்கும்போதுதான் அவளுக்கு அழுகையே வந்தது.

சுருளிவேல் அந்த மோட்டார் ரூம் வாசலில்தான் கிடந்தார். மும்முனைக் கரண்ட் ராத்திரியில்தான் வருகிறது என்று கத்திரிக்குத் தண்ணீர் கட்டப் போனவர், விடிந்தும் திரும்பவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அப்படியே சாய்ந்திருக்கிறார். மோட்டார் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. வாய்க்கால் நிறைந்து, இடுப்புக்குக் கீழே ராத்திரி முழுக்கத் தண்ணீர் அவர்மேல் போயிருக்கிறது. ரெட்டியார்சத்திரத்தில் இருந்து வந்த டாக்டர், ஹார்ட்தான் என்று சொல்லிவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். வாரத்துக்கு ரெண்டு தடவை இவரிடம் கத்திரிக்காய் வாங்கிப் போகிற டாக்டர்.

இனி ஒரே வேலைதான் பாக்கி. துபாயில் இருக்கும் மதன்குமாரிடம் சொல்ல வேண்டும். ஒரே ஆண் பிள்ளை. கொள்ளி வைக்க வேண்டியவன். அதைவிட, அப்பாவின் முகத்தை ஒரு தடவையாவது பார்க்க வேண்டியவன்.

துபாய் தூரமே இல்லை என்பது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. சுருளிவேல் அதை ஊருக்கே பாடமாக நடத்தியிருந்தார். டீக்கடையில் யாராவது, "என்னப்பா, மகனை அம்புட்டுத் தூரத்துல விட்டுட்டு இருக்க" என்று இரக்கப்பட்டால் போதும், போனை எடுத்து வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "துபாய் டு மதுரை எவ்வளவு நேரம்?" என்று அதட்டுவார். போனுக்குள் இருக்கும் பெண் பணிவாக, விமானத்தில் சுமார் நான்கு மணி நேரம் என்பாள். "கேட்டியா? மெட்ராஸ்ல ஒம்மகன் இருக்கான்ல, அவன் பஸ் ஏறி வந்து சேர எம்புட்டு நேரமாகும்? எம்மகன் வந்து, குளிச்சு, சாப்ட்டு, ஒரு தூக்கமும் தூங்கிருவான்" என்பார். மதன் போன ஆறு வருஷத்தில் மூன்றே தடவைதான் வந்திருக்கிறான் என்பதை யாரும் அவருக்கு ஞாபகப்படுத்தியதில்லை. அத்தனை பேர் முன்னால் அத்தனை சந்தோஷமாகச் சொல்கிறவரிடம் போய் எப்படிச் சொல்வது?

"நாலு மணி நேரந்தானே. இப்பச் சொன்னா சாயங்காலத்துக்குள்ள வந்துருவான்ல?" என்று அம்மா வீரலட்சுமி கேட்டாள். கூந்தல் அவிழ்ந்து கிடந்தது. அதை முடியக்கூடத் தோன்றாமல் சுவரில் சாய்ந்திருந்தாள்.

சூர்யகலாவின் புருஷன் பிரபு போனில் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னான். இன்றைக்கு ராத்திரி நேராக மதுரைக்கு ஒரு விமானம் இருக்கிறது. அதில் ஏறினால் விடிகாலையில் வந்துவிடலாம். அதை விட்டால் அடுத்த நேர் விமானம் ஞாயிற்றுக்கிழமைதான். அன்று வியாழன்.

அப்பாவின் தம்பி சேதுபதி கைப்பேசியைச் சூர்யகலாவிடம் நீட்டினார். நீட்டிய கையைப் பாதியில் நிறுத்திக்கொண்டு, "ஏத்தா, செத்துட்டாருன்னு சொல்லிறாத" என்றார். "சீரியஸா இருக்காருன்னு மட்டும் சொல்லு. ஒச்சப்பன் மகன் கதை தெரியும்ல?"

தெரியாமல் என்ன? திருப்பூரில் வேலை பார்த்த பையன். அப்பன் செத்த சேதியை யாரோ அவசரத்தில் அப்படியே போனில் சொல்லிவிட்டார்கள். பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தவன் தாராபுரம் ரோட்டில் லாரிக்கு அடியில் போய்விட்டான். ஒரே பந்தலில் ரெண்டு உடம்பு கிடந்தது. அதற்குப் பிறகு அந்த ஊரில் யாரும் சாவைப் போனில் சொல்வதில்லை. சீரியஸ் என்பார்கள். கேட்பவனும் பாதி புரிந்துகொண்டு, மீதியை நம்பிக்கொண்டு வந்து சேருவான். பந்தலைப் பார்த்ததும் விழுந்து அழுவான், தாங்கிப் பிடிக்க நாலு பேர் இருப்பார்கள். சேதுபதி கெட்ட மனிதர் இல்லை. தாராபுரத்துக்குப் போய் அந்தப் பையனின் உடம்பைத் தூக்கி வந்தவர்களில் அவரும் ஒருவர்.

மதன் முதல் ரிங்கிலேயே எடுத்தான். பின்னால் ஏதோ இயந்திரம் இரைந்தது. "அப்பாவுக்கு முடியலடா. மயங்கி விழுந்துட்டாரு. திண்டுக்கல்லுல சேத்திருக்கு, சீரியஸ்னு சொல்றாங்க" என்றாள் சூர்யகலா. சித்தப்பா எழுதிக் கொடுத்த மாதிரி அதுவரை சரியாகத்தான் சொன்னாள். ஆனால் அந்தப் பக்கம் இருந்து வந்த சத்தத்தை அவள் எதிர்பார்க்கவில்லை. முப்பது வயசு ஆம்பிளை, சுற்றிலும் ஆள் நிற்கும் இடத்தில், "அப்பா... அப்பா..." என்று வாய்விட்டுக் கதறினான். யாரோ இந்தியில் என்ன என்ன என்று கேட்பது கேட்டது. எதன்மேலோ மோதிக்கொள்கிற சத்தமும் கேட்டது. கைக்குழந்தையாக இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. அவளால் தாங்க முடியவில்லை. "டேய், டேய், அழாத. கண்ணு முழிச்சுட்டாரு. இப்பத்தான் முழிச்சாரு. ஒன்னையத்தான் கேட்டாரு. பதறாம வா."

அந்தப் பக்கம் அழுகை நின்றது. "முழிச்சுட்டாரா?" என்றான். "முழிச்சுட்டாருடா" என்றாள் மறுபடியும். அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரிக்கா, வாரேன்" என்றான். போனை வைத்ததும் சித்தப்பா, "நல்லதாப் போச்சுத்தா" என்று அவள் தலையைத் தடவினார். அவளுக்கும் அப்போது நல்லது செய்த மாதிரிதான் இருந்தது.

பெட்டி வந்தது. பெரிய பெட்டிதான். அப்பாவைக் குளிப்பாட்டி உள்ளே வைத்ததும் பெட்டிக்காரன் வேட்டியைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தான். கால்கள் அதற்குள் நிறம் மாறி ஊதியிருந்தன. பிரபுவைத் தனியாக அழைத்துப் போய், "தண்ணியில ஊறுன ஒடம்புண்ணே. பெட்டிக்குள்ள இருந்தாலும் தாங்காது. நாளைக்குப் பொழுது சாயிறதுக்குள்ள எடுத்துருங்க" என்றான். பிரபு தலையாட்டினான். நாளைக்கு விடியும்போது மாப்பிள்ளை மதன் வந்துவிடுவான், பிறகென்ன?

சொந்தபந்தம் வரத் தொடங்கியது. சேதுபதி வாசலிலேயே நின்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் ஸ்டேட்டஸ் வைக்கக் கூடாது. கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் பையன் வந்த பிறகுதான். கொட்டுக்காரர்களிடமும் ஒரு ஏற்பாடு. மதன் எந்த நேரமும் கூப்பிடலாம், சூர்யகலாவின் போன் அடித்தால் கொட்டு நிற்க வேண்டும். முதல் தடவை போன் அடித்தபோது கொட்டு நின்றது, ஒப்பாரி நிற்கவில்லை. சேதுபதி ஓடிவந்து பெண்களைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அடுத்த தடவைக்குள் எல்லாரும் பழகிவிட்டார்கள். போன் அடித்ததும் மாரில் அடித்த கை அப்படியே நிற்கும். ஒரு கிழவி சேலையை வாய்க்குள் திணித்துக்கொள்வாள். பெட்டியின் மோட்டார் மட்டும் உறுமிக்கொண்டிருக்கும். "என்னக்கா சத்தம்?" என்று மதன் கேட்டால், "ஆஸ்பத்திரி ஏசிடா" என்பாள் சூர்யகலா. ஒரு தடவை, அம்மாவிடம் கொடு என்றான். வீரலட்சுமி போனைக் காதில் வைத்துக்கொண்டாள். அவன் என்னென்னவோ பேசினான். அவள் ஒரு வார்த்தை பேசாமல் போனை மகளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள். பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை, நிஜத்தைச் சொல்ல அவளை விடவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் மறுபடியும் கூப்பிட்டான். கொட்டு நின்றது. சூர்யகலா பெட்டிக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். "அக்கா, கடையில நிக்கேன்" என்றான். குரலில் காலையில் இருந்த நடுக்கம் இல்லை. "ஏர்போர்ட்டுக்குக் கெளம்பலையா?" என்றாள் அவள். "இல்லக்கா. நீதான் பதறாம வான்னியே. இன்னைக்கு ஓடுனா வேலைய அப்படியே போட்டுட்டு ஓடணும். நாளைக்குக் கொழும்பு வழியா போட்டுட்டேன், சனிக்கெழம காலையில மதுரையில இருப்பேன். அப்பாவுக்கு வாக்கர் வாங்குறேன்க்கா. எங்க கூட வேலை பாக்குற கிளெமென்ட் அப்பாவுக்கும் இப்படித்தான் வந்துச்சாம், எந்திரிச்சதும் வாக்கர் இல்லாம முடியாதுன்னான். இங்க நல்ல சரக்கு, மடக்கிக்கிறலாம், கனமே இல்ல." கொஞ்சம் நிறுத்தினான். பக்கத்தில் யாரிடமோ என்னவோ கேட்டான். "அக்கா, ரெண்டு சைஸ் இருக்காம். அப்பா எம்புட்டு ஒயரம்?"

அவள் கண்ணாடிக்குக் கீழே கிடந்த முகத்தைப் பார்த்தாள். ராத்திரி மதுரை விமானம் கிளம்ப இன்னும் நேரம் இருந்தது. இப்போது ஒரு வார்த்தை சொன்னால் வாக்கரைப் போட்டுவிட்டு ஓடிவருவான். டிக்கெட் இருக்குமோ இருக்காதோ, காலில் விழுந்தாவது ஏறிவிடுவான். சொல்லிவிடலாம். சுற்றிலும் இருபது முப்பது பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா வாசலில் நின்று, வேண்டாம் என்று கையை ஆட்டினார். கடைக்குள் ஒற்றையாய் நிற்கும் தம்பி மறுபடியும் எதன்மேலாவது தலையை மோதிக்கொள்வதை அவள் நினைத்துப் பார்த்தாள். காலையில் கேட்ட கதறல் காதிலேயே இருந்தது. கண் முழித்துவிட்டார் என்று சொன்ன வாயால் இப்போது எதைச் சொல்வது?

"அக்கா, கேக்குதா? ஒயரம்."

"ஆறடி" என்றாள் சூர்யகலா.

"நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு வைத்தான். பிறகு கொட்டு தொடங்கியது.

வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கே பெட்டிக்காரன் சொன்னது பலித்துவிட்டது. கண்ணாடிக்குள் முகம் உப்பிக் கண்கள் பிதுங்கி, அப்பாவைத் தெரிந்தவர்களுக்கும் அடையாளம் தெரியாமல் போய்க்கொண்டிருந்தது. ஊதுபத்தியைக் கட்டுக் கட்டாகக் கொளுத்தியும் வாடை அடங்கவில்லை. சின்னப் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். நாளைக்கு என்று தள்ளினால் சனிக்கிழமை, சனிப்பிணம் துணை தேடும், பாடையில் கோழி கட்டித்தான் எடுக்க வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். கோழி என்ன, ஆடே கட்டலாம், உடம்பு தாங்க வேண்டுமே என்றார் சேதுபதி. அவர் முகம் ஒரே நாளில் வற்றியிருந்தது. பிரபு மெதுவாக, "நேத்தே சொல்லிருந்தா இந்நேரம் மாப்ள வந்துருப்பான்" என்றான். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் சேதுபதி எழுந்து வெளியே போய்விட்டார். சூர்யகலாவால் எங்கேயும் போக முடியவில்லை.

"அவன் வரட்டும்யா" என்றாள் வீரலட்சுமி. அதட்டவில்லை, கெஞ்சினாள். "நாலு மணி நேரம்னுதானே அவரு சொல்லுவாரு. நாலு மணி நேரம் பாருங்க."

நாலரைக்கெல்லாம் எடுத்துவிட்டார்கள். கொள்ளிச்சட்டியைச் சேதுபதி தூக்கினார். பெண்கள் தெருமுனையோடு திரும்பி, வீட்டைக் கழுவிவிட்டார்கள். சூர்யகலா ஈரச் சேலையோடு பின்வாசலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அப்பாவின் போன். அதைத் திறந்ததும் அவர் தேடியதெல்லாம் வரிசையாக வந்தது. கத்திரியில் காய்ப்புழு, ஒட்டன்சத்திரம் மார்க்கெட் விலை, துபாய் டு மதுரை எவ்வளவு நேரம். மறுபடியும் துபாய் டு மதுரை எவ்வளவு நேரம். கீழே போகப் போக அதுவேதான். டீக்கடையில் ஆள் இருந்தால் மட்டும் கேட்கிறார் என்று நினைத்திருந்தார்கள். புதன்கிழமை ராத்திரி, மோட்டார் ரூமில் ஒருத்தரும் இல்லாதபோதும் கேட்டிருக்கிறார். தொட்டதும் படம் விரிந்தது. பாலைவனக் கரையில் இருந்து கடலுக்கு மேலே நேராக ஒரு கோடு, வளைவு நெளிவு இல்லாமல் மதுரையில் வந்து இறங்கியது. சுமார் நான்கு மணி நேரம். இதே கோட்டில்தான் அவன் நேற்று வந்திருக்க வேண்டும். நான்தான் அவனை வேறு வழியில் திருப்பிவிட்டேன் என்று நினைத்தவள் அந்தப் போனைக் கவிழ்த்து வைத்தாள். அந்த நேரத்தில் மதன் கொழும்பில் இறங்கியிருந்தான். அவளுடைய போனுக்கு ஒரு படம் அனுப்பினான். நீளமான அட்டைப்பெட்டி, மேலே பெரிய எழுத்தில் அப்பாவின் பெயர்.

சனிக்கிழமை காலையில் சூர்யகலாவும் பிரபுவும் காரில் மதுரைக்குக் கிளம்பினார்கள். சேதுபதி வரவில்லை. மொட்டைத் தலையோடு வந்து நின்றால் பார்த்ததுமே தெரிந்துபோகும். ஆனால் கார் கண்ணாடிக்குள் தலையை விட்டு, "கண்ட எடத்துல சொல்லிறாதத்தா. வாடிப்பட்டி தாண்டட்டும். மெதுவாச் சொல்லு. வந்ததும் பால் தெளிக்கப் போகணும், சாம்பலையாவது தொடட்டும்" என்றார். சொல்லும்போதே அழுதார்.

மதன் கூட்டத்துக்கு நடுவே தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். தூக்கமில்லாத கண்கள், ரெண்டு நாள் தாடி. அக்காவைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "எந்திரிச்சு ஒக்காந்தாரா?" என்பதுதான். அவள் அவனைக் கட்டிக்கொண்டு முகத்தை அவன் தோளில் மறைத்துக்கொண்டாள். "அழாதக்கா. அதான் வந்துட்டேன்ல" என்று அவன் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தான். பிரபு பெட்டிகளைத் தூக்கிக் காரில் வைப்பதில் அளவுக்கு மிஞ்சிய கவனத்தைக் காட்டினான்.

அட்டைப்பெட்டி டிக்கிக்குள் அடங்கவில்லை. பின்சீட்டில் அக்காவும் தம்பியும் உட்கார, அது ரெண்டு பேர் மடியிலும் குறுக்கே கிடந்தது. சமயநல்லூர் தாண்டியதும் மதன் அதைப் பிரித்தான். "போனதும் மாட்டி நிக்க வச்சுறணும். டாக்டர் வேண்டாம்பாரு, நம்ம அப்பா கேப்பாராக்கும்" என்று சிரித்தான். வெள்ளை அலுமினியக் குழாய்கள், கருப்பு ரப்பர் பிடி. கால் ஒவ்வொன்றிலும் வரிசையாக ஓட்டை இருந்தது. குமிழை அமுக்கி இழுத்தால் நீளும், சரியான ஓட்டையில் டக்கென்று மாட்டிக்கொள்ளும். "ஆறடிக்கு இந்த ஓட்டைன்னு கடைக்காரன் காமிச்சுக் குடுத்தான்" என்று முதல் காலை இழுத்தான். டக். வாடிப்பட்டி வந்தது. சூர்யகலா வாயைத் திறந்தாள். "நாலு மணி நேரம் நாலு மணி நேரம்னு ஊரெல்லாம் அளப்பாருல்ல" என்றான் மதன். "கொழும்புல நான் ஒக்காந்து கெடந்ததே அதுக்கு மேலக்கா. போனதும் மொதல்ல அதச் சொல்லித்தான் அவர ஓட்டணும்." வாடிப்பட்டி போய்விட்டது. டக் என்றது ரெண்டாவது கால். பிரபு முன்னால் தொங்கிய கண்ணாடியில் அவளைப் பார்த்தான். அவள் வெளியே தென்னைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொடைரோடு டோல்கேட்டில் வண்டி நின்றபோது, இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். பின்னால் இருந்த லாரி ஹாரன் அடித்தது.

சின்னாளபட்டி கழிந்து, தூரத்தில் திண்டுக்கல் மலைக்கோட்டை மொட்டையாக எழும்பி வந்தது. மதன் மூன்றாவது காலை மாட்டிவிட்டு நிமிர்ந்தான். ஊருக்குள் பிரியும் ரோட்டில் திரும்பாமல் கார் பைபாஸிலேயே நேராகப் போனது.

"மச்சான், ஆஸ்பத்திரிக்கு உள்ளல்ல போகணும்?"

பிரபு கியரை மாற்றினான். மதன் அவனைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். அவன் முகம் மெல்ல மலர்ந்தது. "டிஸ்சார்ஜ் பண்ணிட்டாங்களா? வீட்டுக்கே கூட்டியாந்துட்டீங்களா? அடப்பாவிகளா, எங்கிட்டச் சொல்லவே இல்ல!"

சூர்யகலா அவன் கையைப் பிடித்தாள். "மதனு" என்றாள். அவன் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். கண்கள் மட்டும் அவள் முகத்தில் எதையோ தேடி, அவள் வெறும் நெற்றியில் நின்று, மூன்று நாளாக வாராத தலையில் நின்று, கீழே இறங்கின. பழனி ரோட்டில் கார் ஏறியது. காய்கறி லாரிகள் எதிரே வந்துகொண்டிருந்தன.

அவன் கட்டைவிரல் நாலாவது காலின் குமிழ்மேல் இருந்தது. அமுக்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை. மூன்று கால்கள் ஆறடி ஆளுக்காக நீண்டு அவள் மடிவரை வந்திருந்தன. ஒன்று மட்டும் கட்டையாக, ரோட்டின் குலுக்கலுக்கு ஆடிக்கொண்டிருந்தது.